அரியர் வைத்தால் அங்கே என்ன ஆகும்?

போன மாதம் ஒரு அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் மெக்கானிக்கல் இறுதியாண்டு. அப்பா கையில் ஒரு நோட்டு. ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஃபீஸ், ரேங்க், சம்பளம், பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். படிப்பு எப்படி என்று கேட்டேன். "ரெண்டு அரியர் இருந்துச்சு சார், கிளியர் பண்ணிட்டான்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நோட்டில் ஒரு கட்டம் குறைந்தது. பெயிலானால் அந்த நாட்டில் என்ன செய்வார்கள் என்ற கட்டம். வெளிநாட்டு மேற்படிப்புக்கு வழிகாட்டும் இந்த வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். அந்தக் கட்டத்தைப் போட்டுக்கொண்டு வந்த பெற்றோர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. பெற்றோரை மட்டும் சொல்வானேன், ஆரம்பத்தில் நானே 'ஜெர்மனியில் கட்டணம் கிடையாது' என்பதைத்தான் போர்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். எனக்கு நடுராத்திரியில் வரும் போன்கள் விசா பற்றியவை இல்லை. பெரும்பாலும் மார்ச் மாதம் வரும், அங்கே குளிர்கால செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு.

நமக்கு அரியர் என்பது ஜலதோஷம் மாதிரி. வரும், போகும். அடுத்த செமஸ்டரில் கட்டணம் கட்டி எழுதலாம், அதுவும் போனால் அதற்கடுத்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2021-இல் இருபது வருடத்துக்கு முந்தைய அரியர்காரர்களுக்குக்கூட எழுத வாய்ப்புக் கொடுத்தது. கேலிக்காகச் சொல்லவில்லை, நம் அமைப்பின் பிறப்பு அப்படி. 1836-இல் தொடங்கிய லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்துவதற்காக ஏற்பட்டதில்லை. மற்றக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பதே அதன் வேலை. அந்த அச்சில்தான் 1857-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்களை வார்த்தார்கள். லண்டன் பிறகு மாறிவிட்டது. நாம் இன்னும் ஒரே கேள்வித்தாளை நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பாடம் எடுப்பவர் ஒருவர், கேள்வி எடுப்பவர் ஒருவர், யார் எழுதியது என்றே தெரியாமல் பேப்பர் திருத்துபவர் இன்னொருவர். மாணவன் கேள்வித்தாளோடு மட்டும்தான் மல்லுக்கட்டுகிறான். பத்து வருடக் கேள்வித்தாளைப் புரட்டினால் முக்கால் கிணறு தாண்டிவிடலாம். (தன்னாட்சிக் கல்லூரிகளின் கதை கொஞ்சம் வேறு.)

இந்தப் பழக்கத்தோடு ஒரு பையன் ஜெர்மனியில் இறங்குகிறான். வருகைப்பதிவு பெரும்பாலான வகுப்புகளில் கிடையாது. 75 சதவீதம் இல்லை என்று யாரும் வீட்டுக்கு போன் செய்ய மாட்டார்கள். இன்டர்னல் இல்லை. பல பாடங்களில் செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு தேர்வு, அந்த மார்க்தான் முழு மார்க். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கேள்வி கேட்பவரும் திருத்துபவரும் அந்தப் பேராசிரியரே. பழைய கேள்வித்தாள் கிடைத்தாலும் மனப்பாடம் அவ்வளவாகக் கைகொடுக்காது.

தேர்வுக்குப் பதிவு செய்வதும் மாணவன் பாடு. என்னிடம் வந்து போன ஒரு பையன் நான்கு மாதம் ஒழுங்காகப் படித்துவிட்டு ஹாலுக்குப் போனான். பட்டியலில் பெயர் இல்லை. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டிய தேதி எப்போதோ முடிந்திருந்தது. இங்கே கல்லூரியே லிஸ்ட் அனுப்பி, ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்துப் பழக்கியிருக்கிறது. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? புறப்படும் முன் நான் சொல்லியிருக்க வேண்டும்.

பெயிலானால்? பெரும்பாலான ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சி, சிலவற்றில் இரண்டுதான். கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி முயற்சியும் போனால் 'எண்ட்கூல்டிக் நிஷ்ட் பெஷ்டாண்டன்' என்று கடிதம் வரும். இறுதியாகத் தேறவில்லை என்று பொருள். சேர்க்கை ரத்து. அதோடு முடிவதில்லை: அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. படிப்புக்காகக் கொடுத்த தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும். இப்படி ஒரு கடிதம் வந்த பையனிடம் ஒரு மணி நேரம் போனில் பேசியிருக்கிறேன். அவன் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "அரியர் எக்ஸாம் எப்போ சார் வைப்பாங்க?"

'ஃப்ரீ' விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணமில்லாதவைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் வாங்குகிறது, முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. தனியார் பல்கலைக்கழகங்கள் தனிக் கணக்கு. அங்கே சேர்த்துவிட ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் சிக்கல் வேறு மாதிரி. முதுகலை ஒரே வருடம், 180 கிரெடிட், அதில் 60 பெரும்பாலும் ஆய்வேட்டுக்கு. தேறாத பாடத்தை ஒருமுறை திரும்ப எழுத விடுவார்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாகத் தேர்ச்சி மதிப்பெண்ணான 50-க்கு மேல் ஏறாது. ஒரு வருடப் படிப்பில் இரண்டு முறை தடுக்கினால் எழுந்து நிற்க நேரமிருக்காது. ஆனால் இங்கிலாந்தைப் பற்றி எனக்கு வரும் புகார்கள் பெயிலைப் பற்றியவை குறைவு. "இங்க 85 எடுத்த பொண்ணு சார், அங்க போய் 62 வாங்கிட்டு அழுவுறா" என்று ஒரு அம்மா பதறினார். அங்கே 70 எடுத்தாலே டிஸ்டிங்ஷன், 62 என்றால் மெரிட். அம்மாவுக்குப் புரியவைத்துவிட்டேன். பொண்ணுக்குத்தான் மனசு ஆறவில்லை.

அமெரிக்காவில் தனியாக அரியர் தேர்வு என்று ஒன்று கிடையாது. பாடம் போனால் அந்தப் பாடத்தையே மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி பணம் கட்டி. முதுகலையில் பொதுவாக ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.0-க்குக் கீழே போகக்கூடாது. போனால் கண்காணிப்பில் வைப்பார்கள், ஏறாவிட்டால் வெளியேற்றமும் உண்டு. அங்கே நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது தேர்வு ஹாலில் இல்லை, வாராவாரம் கொடுக்கும் வீட்டுப்பாடத்தில். ரெக்கார்டு நோட்டைக் கொடுத்து உதவுவது நம் ஹாஸ்டல் தர்மம். அங்கே கொடுத்தவன், வாங்கியவன் இரண்டு பேர் மேலும் நடவடிக்கை வரும். மற்றபடி, தடுமாறுகிற மாணவனைத் தூக்கிவிட வசதி அதிகமுள்ள இடம் என்று நான் அமெரிக்காவைத்தான் சொல்வேன். மார்க் ஒரே தேர்வில் தொங்குவதில்லை, பேராசிரியர் அறையில் உட்காரும் நேரத்தை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த அறைக்குப் போகத்தான் நம்மவர்களுக்குக் கூச்சம்.

மார்க் மாற்றும் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. நம் சி.ஜி.பி.ஏ.-வை பவேரியன் சூத்திரம் என்ற ஒன்றால் மாற்றுவார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நம்முடையதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8 வாங்கியவருக்குத் தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.2 வரும். அதே 8-க்கு எல்லை 4 என்றால் 2.0. அதாவது கல்லூரியில் பாஸ் மார்க் குறைவாக இருந்தால் உங்கள் மதிப்பு ஜெர்மனியில் உயர்கிறது! 2.5-க்குள் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்னும் படிப்புகளில் இந்தப் புள்ளிகள் ஆளையே மாற்றிவிடும். எனவே மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் தேர்ச்சி எல்லை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லூரியில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்போது நான் ஃபீஸ் பேசும் முன் 'ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்' என்ற தேர்வு விதிமுறையைத்தான் திறக்கிறேன். ஒவ்வொரு படிப்புக்கும் ஒன்று இருக்கும், பல்கலைக்கழகத் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஜெர்மன் மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது படிக்கச் சொல்கிறேன். எத்தனை முயற்சி, பதிவு எப்போது, எந்தத் தேதி வரை பெயரை விலக்கிக்கொண்டால் முயற்சிக் கணக்கில் சேராது, எல்லாம் அதில் இருக்கும்.

நோட்டு கொண்டுவந்த அப்பாவுக்கும் அதைத்தான் கொடுத்தேன். அவர் ஃபீஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். பையன்தான் போனில் வரிவரியாகப் படித்தான். கால் மணி நேரம் கழித்து முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"எக்ஸாம் அன்னிக்கு காய்ச்சல் வந்துட்டா சார்?"

டாக்டர் சான்றிதழை உடனே, பல இடங்களில் மூன்று வேலை நாளுக்குள், தேர்வு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பெயில் கணக்கில்தான் வரும் என்றேன். அப்பாவின் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டான்.