விமானத் துறைப் படிப்பு: கட்டணம் கட்டும் முன் கடலூர், புதுச்சேரி வீடுகளில் தெரிந்திருக்க வேண்டியவை

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு "ஏவியேஷன் கோர்ஸ், நூறு சதவீதம் வேலை" என்ற விளம்பரங்கள் போனில் வந்து குவிகின்றன. 2024 டிசம்பர் 20 முதல் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோ விமானம் பறக்கத் தொடங்கியது. அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்தத் துறையில் வேலை செய்ய ஆசை வருவது இயல்புதான். அந்த ஆசையை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் கட்டணம் கட்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இந்தப் படிப்பை அங்கீகரித்திருப்பது எந்த அரசு அமைப்பு? கல்வி உதவித்தொகை, வங்கிக் கடன், தமிழ்நாடு அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் என எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் கிடைக்கும்.

விமானத் துறையில் கைத்தொழில் என்று பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு. பராமரிப்பு வேலை முடிந்ததும் விமானம் பறக்கத் தயார் என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் இந்த உரிமம் உள்ளவருக்குத்தான். உரிமம் தருவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். துறையில் இருப்பவர்கள் டிஜிசிஏ என்பார்கள். அதன் விதித் தொகுப்புக்கு கார் (CAR) என்று பெயர்; உரிமத்துக்கான விதி கார்-66. பயிற்சி நிறுவனத்துக்கான விதி கார்-147. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் சேரலாம். இன்ஜினும் விமானத்தின் உடல்பகுதியும் பி1 பிரிவு. மின்னணுக் கருவிகள் பி2 பிரிவு.

பல பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். பயிற்சி நிறுவனம் தரும் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளை மாட்யூல் மாட்யூலாக, அதாவது பாடப்பகுதி வாரியாகத் தேற வேண்டும். அதோடு, இயங்கும் விமானங்களில் பராமரிப்பு வேலை செய்த அனுபவமும் வேண்டும். கார்-147 அங்கீகாரம் உள்ள இடத்தில் முழுப் படிப்பையும் முடித்தவருக்கு 2 வருட அனுபவம் போதும். முறையான தொழில்நுட்பப் பயிற்சி எதுவும் இல்லாமல் வருபவர் பெரிய விமானங்களுக்கான உரிமம் கேட்டால் 5 வருடம். அங்கீகாரம் என்ற ஒற்றைச் சொல்லுக்கு மூன்று வருட மதிப்பு இருக்கிறது. உரிமம் கைக்கு வந்த பிறகும், ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட ரக விமானத்துக்குக் கையெழுத்துப் போட டைப் ரேட்டிங் தனியாக வாங்க வேண்டும்.

அதனால் சேரப் போகும் நிறுவனத்தில் சில விஷயங்களை நேராகக் கேளுங்கள். டிஜிசிஏ அங்கீகார எண் என்ன, அது பி1-க்கா பி2-க்கா, எந்தத் தேதி வரை செல்லும், செய்முறைப் பயிற்சி எந்தப் பராமரிப்பு நிறுவனத்தில் நடக்கும், போன வருட மாணவர்களில் எத்தனை பேர் எத்தனை மாட்யூல் தேறினார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால் கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முற்றத்தில் பழைய விமானமே நின்றாலும் சேர வேண்டாம் என்பதே என் கருத்து.

கேபின் க்ரூ, அதாவது விமானப் பணியாளர் வேலையின் கதை வேறு. விமானிக்கும் ஏஎம்இக்கும் இருப்பதுபோல அரசிடம் முன்கூட்டியே வாங்கி வர வேண்டிய உரிமம் இதற்குக் கிடையாது. விமான நிறுவனம் ஆள் எடுத்த பிறகு, டிஜிசிஏ ஒப்புக்கொண்ட பாடத்திட்டப்படி தானே பயிற்சி கொடுக்கிறது. தனியார் அகாதமியில் படித்தால் ஆங்கிலப் பேச்சும் நேர்காணலுக்கான தைரியமும் வரலாம், அதன் பயனை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் இல்லாமலே பிளஸ் டூ தேர்ச்சியோடு நேர்காணலுக்குப் போகலாம். கிரவுண்ட் ஸ்டாஃப் வேலைக்கும் இதே நிலைதான். விமான நிலையத்துக்குள் போக வேண்டிய நுழைவு அனுமதிச் சீட்டுகூட, வேலைக்கு எடுத்த நிறுவனம் விண்ணப்பித்து, போலீஸ் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் கைக்கு வரும்.

இந்த வகைப் பயிற்சியை அரசு செலவில் முடிக்க ஒரு வழி இருக்கிறது. கடலூர் மாவட்டத்து ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீடுகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கான தமிழ்நாடு அரசு நிறுவனமான தாட்கோ, பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் சான்றிதழோடு கூடிய பயிற்சிக்கு அவ்வப்போது விண்ணப்பம் கேட்கிறது. விமான நிலையப் பயணிகள் சேவை, சரக்குக் கையாளுதல், சுற்றுலா போன்றவை பாடங்கள். இதற்கு முன் வந்த அறிவிப்பில் பிளஸ் டூ தேர்ச்சியும் 18 முதல் 23 வயதும் தகுதி; 6 மாதப் பயிற்சி, விடுதி வசதி உண்டு; மொத்தச் செலவு 95,000 ரூபாயைத் தாட்கோவே ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு அறிவிப்பிலும் வயது வரம்பும் பாடங்களும் மாறலாம் என்பதால், தாட்கோ இணையதளத்தையும் கடலூர் மாவட்ட மேலாளர் அலுவலகத்தையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். இந்த அறிவிப்பு செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்துவிட்டுப் போகிறது. தேவைப்படுகிற பிள்ளைக்கு அது போய்ச் சேராதது வருத்தமான விஷயம்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆக வேண்டும் என்றால் எந்தத் தனியார் கோர்ஸும் தேவையில்லை. இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டம் முடித்து, இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்சிக்யூட்டிவ் தேர்வு எழுத வேண்டும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. தேர்வானால் ஆணையமே பயிற்சி தருகிறது.

விமானி படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் செலவு பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாதது. வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறத்தலும் வேண்டும். முதல் வகுப்பு மருத்துவத் தகுதியும் வேண்டும். மருத்துவப் பரிசோதனையை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள். இன்னொன்று: எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பட்டியலில் விமானி உரிமப் படிப்பும் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

சரி, இனி உதவித் திட்டங்கள். கடலூரும் புதுச்சேரியும் பஸ்ஸில் ஒரு மணி நேர தூரம்தான் என்றாலும், அரசு உதவி முள்ளோடை எல்லையில் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். ரெட்டிச்சாவடிப் பக்கம் குடியிருந்தாலும், பிள்ளை படித்தது புதுச்சேரிப் பள்ளி என்றால் இந்தப் பணம் கிடைக்காது. சேரும் படிப்பு அங்கீகாரம் பெற்ற பட்டமாகவோ டிப்ளமோவாகவோ ஐடிஐ ஆகவோ இருக்க வேண்டும். பல்கலைக்கழக அங்கீகாரம் உள்ள பி.பி.ஏ. ஏவியேஷன் பட்டம் இதில் அடங்கும். அகாதமி தானே அச்சடித்துத் தரும் ஆறு மாத டிப்ளமோ அடங்காது.

நல்ல மதிப்பெண் எடுக்கும் அரசுப் பள்ளி மாணவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு, தொழிற்படிப்புகளில் அவர்களுக்கென்றே இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021-இல் வந்த சட்டம் இது. இதன்படி பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசே கட்டிவிடும். சென்னை குரோம்பேட்டையில் இருக்கும் எம்ஐடி பொறியியல் கல்லூரியில் ஏரோநாட்டிக்கல் (விமானப் பொறியியல்) படிப்பு 1949-இலிருந்து இருக்கிறது. அப்துல் கலாம் படித்தது அங்கேதான். பண்ருட்டியிலோ சிதம்பரத்திலோ அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை, கட்டணமே இல்லாமல் அந்த வகுப்பில் உட்காரச் சட்டம் வழி வைத்திருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து அவசரமாக முன்பணம் கட்டுவதற்குப் பதில் கலந்தாய்வு முடியும்வரை பொறுத்திருங்கள்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு வாசல், அந்த அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக். அதன் வழியாகத் தொழிற்படிப்பில் இடம் பெற்றவர்களுக்குத்தான் பெருந்தலைவர் காமராஜர் நிதியுதவி. ஆதிதிராவிடர் மாணவர்கள், புதுச்சேரி ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான பாட்கோவையும் நலத்துறையையும் கேட்க வேண்டும். டிப்ளமோ போதும் என்பவர்களுக்கு, விமான நிலையம் இருக்கும் அதே லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே எலக்ட்ரிக்கலோ மெக்கானிக்கலோ முடித்துவிட்டு விமானத் துறைக்குள் போக அப்ரண்டிஸ் பயிற்சி ஒரு வழி. விமான நிலைய ஆணையத்தின் தென்மண்டலம் தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட பகுதிகளைச் சேர்ந்தவர்களிடமிருந்து ஓராண்டுப் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்பதுண்டு. முந்தைய அறிவிப்புகளில் மாத உதவித்தொகை பட்டதாரிக்கு 15,000, டிப்ளமோவுக்கு 12,000, ஐடிஐக்கு 9,000 ரூபாய். வாங்காமல் படிப்பதைவிட, வாங்கிக்கொண்டே கற்பது மேல்.

வங்கிக் கடனுக்கும் அங்கீகாரம்தான் அடிப்படை. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், டிஜிசிஏ அனுமதி பெற்ற ஏரோநாட்டிக்கல், விமானிப் பயிற்சிப் படிப்புகள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் கேட்கக் கூடாது, கையிலிருந்து ஒரு பங்கு போடச் சொல்லவும் கூடாது. "லோன் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று அகாதமி சொன்னால், அது வங்கியின் கல்விக் கடனா, வட்டி கூடிய தனிநபர் கடனா என்று தாளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விண்ணப்பங்களுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பதற்கான பள்ளிச் சான்று ஆகியவை தேவைப்படும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிக் கொடுங்கள், கடைசி வாரத்தில் கூட்டம் அதிகம். மதிப்பெண் பட்டியல், டி.சி. ஆகியவற்றின் அசலை அகாதமி கேட்டால் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள். பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும்கூட அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-இல் அறிவித்திருக்கிறது. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நிறுவனப் பெயர், படிப்பின் பெயர், அங்கீகார எண் மூன்றும் அச்சான ரசீது வாங்குங்கள். தர மறுத்தால் பணத்தைக் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.