நமுக்காத நெல், காத்திருக்காத பலா

கடலூர் மாவட்டம் பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2020 சித்திரையில் எங்கள் தோப்பில் பலா மரத்தடியிலேயே வெடித்து ஈ மொய்த்துக் கிடந்தது. ஊரே அந்த வாடைதான். ஆனால் வீட்டில் ஒரு நாள்கூட சோற்றுக்குக் குறையில்லை. அதே ஊரடங்கு, அதே லாரி, அதே ரோடு. பலா மட்டும் ஏன் நாசமானது?"

அரைப் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கிடங்கில் நெல் இருந்தது. மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுவடை பெரும்பாலும் முடிந்திருந்தது. இதுவே தை மாதத்தில் வந்திருந்தால் அறுவடை எந்திரமும் அதை ஓட்டும் ஆளும் வெளியூரிலிருந்து வந்து சேராமல் கதை கந்தலாகியிருக்கும். அது நம் அதிர்ஷ்டம், திட்டமிடல் ஒன்றுமில்லை. ஏப்ரல் 1 கணக்குப்படி மத்தியத் தொகுப்பில், அதாவது மத்திய அரசின் தானியக் கையிருப்பில், அரிசியும் கோதுமையுமாக ஏறத்தாழ 5.7 கோடி டன் இருந்தது. அன்றைக்கு இருந்தாக வேண்டிய அளவு 2.1 கோடி டன்தான். ஊரடங்கில் 80 கோடிப் பேருக்கு இலவசமாக மாதம் தலா 5 கிலோ என்றால் மாதத்துக்கு 40 லட்சம் டன். தாங்கியது. ரேஷன் அரிசிக்குப் பதிலாக 2015-லிருந்து வங்கிக் கணக்கில் பணம் போட்டுக்கொண்டிருந்த பாண்டிச்சேரியிலும் அந்த நேரத்தில் மூட்டையைத்தான் இறக்க வேண்டிவந்தது.

பலாவுக்கு இப்படி ஒரு கிடங்கு கிடையாது. அதற்குக் கிடங்கே ரோடுதான். மே 5-ல் சென்னையின் கோயம்பேடு சந்தை மூடப்பட்டதும் அந்த ரோடு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் தொற்று எகிறியதும், பிறகு சரக்கேற்ற ஆள் கூப்பிட்டாலே ஊர் பயந்ததும் நமக்கு மறக்காது.

சரி, பலாவையும் ஒரு கிடங்கில் அடுக்கியிருந்தால் இருந்திருக்குமா? இருக்காது. நெல்லால் மட்டும் எப்படி முடிகிறது? இந்த மீதி அரைப் பதிலைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

அதற்குத் தமிழில் அருமையான ஒரு சொல் இருக்கிறது: நமுத்தல். ஐப்பசி மழையில் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்ட முறுக்கு நமுத்துப்போகும். மொறுமொறுப்பு போய், வளைந்து, பல்லில் இழுக்கும். கெட்டுப்போகவில்லை, நிலை மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தைத் தலைகீழாக ஓட்டினால் நெல் பிழைக்கும் வித்தை புரிந்துவிடும்.

அம்மா பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. உருட்ட வந்தாலும் போதாது. உருட்டியதைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வரவேண்டும். அப்போதுதான் அடுப்பை அணைப்பார். முதல் சொட்டுக்கும் கடைசிச் சொட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? தண்ணீர் வெளியேறியது, அவ்வளவுதான். அந்த 'டங்'குக்கு இயற்பியலில் கண்ணாடி நிலை என்று பெயர். கற்கண்டில் சர்க்கரை மூலக்கூறுகள் பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி வரிசையில் நிற்கின்றன. கெட்டிப்பாகில் வரிசை இல்லை. திருவிழாக் கூட்டம் நெரிசலில் அப்படி அப்படியே உறைந்துபோனது போல.

நெல்மணியும் இதையே செய்கிறது. பால் பிடிக்கும் பருவத்தில் அதில் பாதிக்கு மேல் தண்ணீர். முற்ற முற்ற, கருவில் இருக்கும் செல்கள் சுக்ரோஸ், ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளையும், வறட்சிக்கென்றே உள்ள சில புரதங்களையும் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஈரம் குறையக் குறைய செல்லின் உட்சாறு பாகாகி, இறுகி, கண்ணாடியாகிறது. அதன் பிசுக்குமை, அதாவது ஓடவிடாமல் இழுத்துப் பிடிக்கும் தன்மை, தேனுடையதைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் கோடி மடங்கு. உள்ளே நொதி இருக்கிறது, உணவு இருக்கிறது, மரபணு இருக்கிறது. ஆனால் எதுவும் எதன் பக்கத்திலும் போக முடியாது. வேதிவினை நடக்க வேண்டுமென்றால் இரண்டு மூலக்கூறுகள் சந்தித்தாக வேண்டும். சந்திப்புக்கே ஊரடங்கு! பூஞ்சைக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆனாலும் மணி சாகவில்லை. நீங்கள் நனைக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறது.

ஈரமானி வருவதற்கு முன்பெல்லாம் நெல் வாங்க வருகிறவர் ஒரு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். மசிந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நறுக்கென்று உடைந்தால்தான் பேச்சு. அறுத்த உடனே 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும் நெல் ரப்பர் மாதிரி. 14-க்கு வந்தால் கண்ணாடி. அவர் பல்லில் கேட்டதும் அம்மாவின் தட்டில் கேட்டதும் ஒரே சத்தம்தான். முந்திரிக்கொட்டையை இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, கையில் அள்ளிக் குலுக்கி, கலகலவென்று கேட்டால் மூட்டை பிடிப்பதும் இதே பரிசோதனைதான்.

ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி இதற்கு ஒரு கைக்கணக்கு சொல்லியிருக்கிறார். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. 14-லிருந்து 12-க்கு இறக்கினால் நாலு மடங்கு. ஈரத்தோடு குவித்தால் என்னாகும் என்பதற்கு மழைக்காலத்தில் ஒரு நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்க் குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பாருங்கள். வெளியே சாரல், உள்ளே சுடும். நெல் மூச்சு விடுகிறது, பூஞ்சையும் கூடச் சேர்ந்து விடுகிறது. சர்க்கரை எரிந்து சூடும் தண்ணீரும் வருகின்றன, அந்தத் தண்ணீர் இன்னும் எரிக்கிறது. கொள்முதலுக்கு ஈரம் 17 சதவீதம் என்ற வரம்பைத் தளர்த்தச் சொல்லி மழை வருஷமெல்லாம் மனுப் போடுகிறோம். தளர்த்துகிறார்கள், காகிதத்தில். குவியல் காகிதம் படிப்பதில்லை.

இங்கே என் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பலாவும் விருத்தாசலம் நிலையம் தந்த முந்திரியும் நமக்குப் பெருமை, மறுக்கவில்லை. ஆனால் புது ரகம் வந்தால் மேடை, மாலை, போட்டோ. ஊருக்கு ஒரு உலர்த்தி வேண்டும் என்று கேட்டால் நிதி இல்லை. அறிவியலுக்கு வராத கவனம் வதந்திக்கு மட்டும் உடனே வருகிறது. அதே 2020-ல் கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு ஆதாரமும் இல்லாமல் கோழிப் பண்ணைக்காரர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அமாவாசையில் காயவைத்த விதைக்கு வண்டு வராது என்பதிலாவது பாதி உண்மை இருக்கிறது. வேலை செய்வது அமாவாசை அல்ல, அன்றைய வெயில். எப்படியோ மாதம் ஒருமுறை விதையை வெளியே எடுக்க வைத்ததே, அதுவரைக்கும் லாபம்.

இப்போது உங்கள் தோப்புக்கு வருவோம். பலாவும் முந்திரியும் ஒரே செம்மண்ணில், ஒரே பருவத்தில் காய்க்கின்றன. ஊரடங்கில் முந்திரிக்கொட்டை சாக்கில் கிடந்தது. விலை விழுந்தது, சரக்கு இருந்தது. பலாவுக்கு அந்த வசதி கிடையாது. முற்றிய காய், பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவை விட ஆரம்பித்தால் அந்த வாயுவே இன்னும் எத்திலீனைச் சுரக்க வைக்கும், பக்கத்துப் பழத்தையும் தூண்டும். மாவுச்சத்து சர்க்கரையாகி, வெயிலில் மூச்சு இரட்டிப்பாகி, சில நாளில் முடிந்துவிடும். உள்ளே முழுக்கத் தண்ணீர். கண்ணாடியாக வழியே இல்லை. பிஞ்சிலேயே வெட்டினால் கறிக்காகும். காயாகச் சீவி வறுத்தால் சிப்ஸ், காயவைத்து அரைத்தால் மாவு. மூன்றும் கடைசியில் நமுத்தலோடு போடும் சண்டைதான்.

பழம் போகட்டும், கொட்டையையாவது நெல்போல் காயவைத்து வைக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. பலாக்கொட்டை உலர்ந்தால் செத்துவிடும். மழைக்காட்டு மரபில் வந்த மரம் அது. விழுந்த இடத்தில் எப்போதும் ஈரம், காத்திருக்க அவசியமே இல்லை. அதனால் அந்தப் பாகு காய்ச்சும் வித்தை அதற்குக் கைவரவில்லை. உங்கள் பாட்டி கொட்டையை ஈரமணலில் புதைத்து வைப்பார் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அவர் செய்ததுதான் சரி. எங்கள் வீட்டிலும் ஒரு பழைய பானையில் அப்படித்தான் கிடக்கும். ஆடியில் தோண்டினால் பாதிக்கொட்டை முளை விட்டிருக்கும். அம்மா முளையைக் கிள்ளி எறிந்துவிட்டு, மீதியைக் கத்தரிக்காயோடு காரக்குழம்பில் போட்டுவிடுவார்.