"புரிஞ்சுதா?" என்ற கேள்விக்குப் பதிலாக

ஏழாம் வகுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை ஆவியாதலுக்கும் கொதித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை நடத்தினேன். கொடியில் காயும் துணி, அடுப்பில் கொதிக்கும் உலை என்று வீட்டிலிருந்தே எடுத்துக்காட்டுகள். முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. திங்கட்கிழமை வந்து, "துணியில் இருக்கிற தண்ணீர் கொதிக்கவே இல்லையே, அப்புறம் எப்படிக் காய்கிறது?" என்றேன். எல்லாக் கைகளும் புத்தகப் பையைத் திறந்தன.

பிள்ளைகள் வெள்ளிக்கிழமை பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனால் ஒன்று புரிவதும், மூன்று நாள் கழித்து அது தானாக நினைவுக்கு வருவதும் மூளைக்கு வேறு வேறு வேலைகள். நாம் வகுப்பில் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி முதல் வேலைக்கே போய்விடுகிறது.

மறதியை முதன்முதலில் எண்ணாக அளந்தவர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். பொருளில்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, சில நேரம் கழித்து அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று தன்னையே வைத்துச் சோதித்தார். 1885இல் அதை வெளியிட்டார். 20 நிமிடம் கழித்துப் படித்தால் 58 சதவீத உழைப்பு மிச்சமானது. ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்து 21. மறதி முதல் நாளிலேயே பெருமளவு நடந்துவிடுகிறது, அதன் பிறகு மெல்லத்தான் தேய்கிறது. பொருளுள்ள பாடங்கள் இவ்வளவு வேகமாக மறப்பதில்லை. ஆனாலும் முதலில் வேகம், பிறகு மந்தம் என்ற போக்கு அவற்றிலும் இருக்கிறது.

சரி, மறக்காமல் இருக்க என்ன செய்வது? திரும்பத் திரும்பப் படி என்றுதான் எல்லோரும் சொல்வோம். நானும் பல வருடம் அதையே சொன்னேன். ரிவிஷன் பீரியட் என்றால் பாடத்தை மறுபடி வாசிக்கச் சொல்வேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையைப் படித்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டேன். மாணவர்களிடம் ஒரு சிறு அறிவியல் பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்று வாசித்தது, ஒரு சுற்றுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வாசிக்கலாம். இன்னொரு குழு ஒரே ஒரு சுற்று வாசித்தது. மீதி மூன்று சுற்றிலும் பத்தியைப் பார்க்காமல், நினைவுக்கு வந்ததையெல்லாம் வெற்றுத் தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுதான் முன்னால் நின்றது: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இத்தனைக்கும் முதல் குழுவினர் அந்தப் பத்தியைச் சராசரியாக 14 முறைக்கு மேல் வாசித்திருந்தார்கள், இரண்டாம் குழுவினர் மூன்று முறை சொச்சம்.

இன்னொன்றையும் அதில் கேட்டிருந்தார்கள்: ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்? வாசித்துக்கொண்டே இருந்த குழுவுக்குத்தான் நம்பிக்கை அதிகம். நம் பிள்ளைகளின் "புரிஞ்சுது சார்" இங்கிருந்துதான் வருகிறது. கண்ணுக்குப் பழகிய வரியைப் பார்க்கும்போது அது மனதிலும் இருப்பதாகவே தோன்றிவிடுகிறது. முகத்தை அடையாளம் தெரிகிற ஒருவரின் பெயர் நாக்கில் வராமல் தவிப்போமே, அதே இடைவெளிதான் இதுவும்.

ஒன்றை நினைவிலிருந்து வெளியே எடுக்கும்போது மூளை அதைத் தேடுகிறது. தேடும்போது, அதனோடு தொடர்புள்ள மற்றவையும் சேர்ந்து கிளம்புகின்றன. துணியைப் பற்றி யோசிக்கும் பிள்ளைக்கு வெயில், காற்று, மழைக்காலத்தில் காயாத சட்டை எல்லாம் வந்து போகும். விடையை எட்டிப் பிடித்ததும் அந்த வழிகள் இன்னும் அழுத்தமாகப் பதிகின்றன. வயல் வரப்பில் நடக்க நடக்கத் தடம் விழுவதுபோல. மறுபடி வாசிக்கும்போது விடை கண் முன்னாலேயே இருப்பதால் தேட வேண்டிய தேவையே வருவதில்லை, தடமும் விழுவதில்லை. கொஞ்சம் மறக்கத் தொடங்கிய பிறகு சிரமப்பட்டு எடுப்பதற்குப் பலன் அதிகம் என்பதையும் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பாடம் முடிந்த கையோடு கேட்டுவிட்டு நிறுத்தாமல், மறுநாளும் கேட்க வேண்டும், அடுத்த வாரமும் கேட்க வேண்டும்.

இது கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் பொருந்துவதில்லை. 1939இலேயே ஸ்பிட்சர் என்பவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 3,605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். படித்த உடனே ஒரு முறை கேள்விகளுக்கு விடை எழுதிய பிள்ளைகளுக்கு, எழுதாதவர்களைவிட வாரக்கணக்கில் கழித்தும் அதிகம் நினைவிருந்தது.

வகுப்பில் நான் செய்வது இதுதான். பீரியட் தொடங்கியதும் கரும்பலகையில் மூன்று கேள்விகள்: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. புத்தகம் மூடியிருக்கும். எல்லோரும் ரஃப் நோட்டில் எழுத வேண்டும், ஒருவர்கூட விதிவிலக்கில்லை. மூன்று நிமிடம். பிறகு விடைகளை நானே சொல்லிவிடுவேன், அவரவர் விடையை அவரவரே திருத்திக்கொள்வார்கள். இந்தத் திருத்தத்தை விட்டுவிடக் கூடாது, தவறான விடையே மனதில் தங்கிவிடும். மதிப்பெண் கிடையாது, பதிவேட்டில் ஏறாது. மதிப்பெண் போட ஆரம்பித்தால் கண் பக்கத்து நோட்டுக்குப் போய்விடும். தேடும் வேலை அங்கேயே நின்றுவிடும்.

வாய்மொழியாகக் கேட்கும்போது கேள்வி முதலில், பெயர் பிறகு. "கவிதா, நீ சொல்லு" என்று தொடங்கினால் மற்ற எல்லோரும் அந்த நொடியே ஓய்வெடுத்துக்கொள்வார்கள். கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் முக்கியம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் விடைகள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாக வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி மிக நீளம். வகுப்பு அமைதியாக இருக்கும்போது நமக்கே கை துறுதுறுக்கும். நான் மனதுக்குள் எண்ணிக்கொள்வேன்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே போகாத ஒன்றை வெளியே எடுக்க முடியாது. பாதி வகுப்பு வெற்றுத் தாளோடு உட்கார்ந்திருந்தால் அந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்று அர்த்தம். பின்தங்கிய பிள்ளைக்கு முதல் எழுத்தையோ ஒரு படத்தையோ குறிப்பாகக் கொடுத்தாலே போதும், எட்டிப் பிடித்துவிடும். ஒவ்வொரு நாளும் தோற்கும் பிள்ளை தேடுவதையே விட்டுவிடுவாள். எனக்கு இதில் மிகுந்த கவலை உண்டு. அதனால் மூன்றில் ஒரு கேள்வியாவது எல்லோராலும் எழுதக்கூடியதாக வைப்பேன்.

கணக்குக்கு இன்னொரு படி உண்டு. நம் பயிற்சித் தாள்களில் ஒரே வகைக் கணக்குகள் பத்து வரிசையாக இருக்கும். எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம், தலைப்பே சொல்லிவிடும். ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையில், நான்கு வகைக் கனவடிவங்களின் கனஅளவைக் காணும் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகை வகையாகவும் இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகை வகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20 சதவீதத்துக்கு இறங்கியது. கலந்து செய்தவர்கள் 63இல் நின்றார்கள். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதும் பயிற்சிதான், அது அவர்களுக்கு மட்டும் கிடைத்திருந்தது. அதனால் வீட்டுப்பாடத்தில் இப்போது சுற்றளவு, பரப்பளவு, போன மாதத்துச் சதவீதக் கணக்கு எல்லாம் கலந்தே போகும். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் திணறினார்கள். பெற்றோர் ஒருவர் வந்து, "போன வருஷம் நல்லா போட்டானே சார்" என்று வருத்தப்பட்டார். அவரை உட்காரவைத்து இந்த எண்களைத்தான் சொன்னேன்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில், மாணவன் பாடம் கற்கும் முறைகளில் "கேட்டவை நினைத்தல்", "வினாதல்", "வினாயவை விடுத்தல்" மூன்றும் இருக்கின்றன. கேட்டதைப் பிறகு நினைத்துப் பார்ப்பது, கேள்வி கேட்பது, கேட்ட கேள்விக்கு விடை சொல்வது. ஆசிரியர் சொல்லித் தருவதில் கால்பங்குதான் வந்து சேரும், உடன் பயில்பவர்களோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொன்னால்தான் மீதி அரை என்றும் அவர் கணக்குச் சொல்கிறார். அது அளந்து சொன்ன எண் கிடையாது. ஆனால் பெரிய பங்கை அவர் எதற்குக் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள்.

அந்த அரைப் பங்குக்காக வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கியிருக்கிறேன். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு மற்றவருக்கு அந்த வாரப் பாடத்தைச் சொல்ல வேண்டும். போன வாரம் ஒருவன் சூரியவெப்பம், நீராவி, மேகம் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனான். "மேகம் ஏண்டா கீழ விழல?" என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான். இவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு புத்தகத்தை எடுத்து, மேகம் என்ற சொல் வருகிற பக்கத்துக்கு நேராகப் போனான். அதில் விடை இல்லை என்று தெரிந்ததும் இருவரும் என் மேசைக்கு வந்தார்கள்.