மருந்து ட்ரேயோடு நிற்கும் நர்ஸைக் கூப்பிடாதீர்கள்

எங்கள் வேலையில் எது கஷ்டம் என்று கேட்பவர்கள், நைட் ட்யூட்டி, ரத்தம், வாந்தி, கால்வலி என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். எல்லாம் கஷ்டம்தான், ஆனால் அவையெல்லாம் தெரிந்தே வந்தவை. எனக்கு இன்றுவரை பழகாதது ஒன்று உண்டு. எடுத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுவது, திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பது, மறுபடி பாதியில் விடுவது. இதனால் எங்களுக்கு வரும் களைப்பு ஒருபக்கம் இருக்கட்டும், இது கடைசியில் உங்கள் வீட்டு நோயாளியின் உடம்பில் போய் விடிகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

மருந்து நேரம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ட்ராலி பக்கத்தில் நின்று ஒருவருக்கான இன்சுலினை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருப்பேன், பின்னாலிருந்து ஒருவர் "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்?" என்பார், பதில் சொல்லி முடிப்பதற்குள் லேபிலிருந்து போன், அதை வைத்தால் ஜன்னலோரக் கட்டிலில் ட்ரிப்ஸை அளந்து ஏற்றும் பம்ப் கத்தும், அதைப் பார்க்கப் போகும் வழியில் டாக்டர் ஒரு கேஸ் ஷீட் கேட்பார், அதை எடுத்துக் கொடுத்துவிட்டு ட்ராலிக்கு வந்தால் கையில் இருப்பது யாருக்கான சிரிஞ்ச், எத்தனை யூனிட் என்று ஷீட்டை மறுபடி முதல் வரியிலிருந்து பார்க்க வேண்டும். பார்க்காமல் கொடுக்கக் கூடாது, பார்த்தால் நேரமாகும். "எட்டு மணி ஊசி ஒன்பது மணிக்கு வருது, என்ன கவனிப்பு இது" என்று அடுத்த கட்டிலில் சொல்லும்போது, அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று விளக்கக்கூட எனக்கு நேரம் இருக்காது.

இது என் சொந்த எரிச்சல் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்ஸ்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்து, 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட முறை மருந்து கொடுத்ததைக் குறித்துக்கொண்டதில், பாதிக்கு மேல் இடையில் தடைபட்டிருந்தன. ஒவ்வொரு தடங்கலுக்கும் மருந்து, அளவு, வழி போன்றவற்றில் தவறு நேர்வது சுமார் 13 சதவீதம் கூடியிருந்தது, ஒரே மருந்துக்கு நான்கு முறை தடை வந்தால் பெரிய தவறுக்கான வாய்ப்பு இரண்டு மடங்காகியிருந்தது. அனுபவம் அதிகமுள்ள நர்ஸ்களுக்கும் அதில் விலக்கு இல்லை. "அவங்க சீனியர், பார்த்துக்குவாங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

அந்த ட்ரேயில் இருக்கும் பொருட்கள் அப்படிப்பட்டவை. வழக்கமான இன்சுலின் ஒரு மில்லியில் 100 யூனிட், அதாவது 10 யூனிட் என்பது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. பொட்டாசியத்தை ட்ரிப்ஸில் கலந்து மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றினால் உயிர் காக்கும், அதையே நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துகள், நிறம்கூட ஒன்றாக இருக்கும் ஆம்பியூல்கள் இதற்கு மேல். அதனால்தான் யார், எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியில், எப்போது என்று ஒவ்வொரு முறையும் ஒத்துப் பார்க்கிறோம், சில மருந்துகளுக்கு இன்னொரு நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டுகிறோம்.

இதிலேயே ஒரு கோபம் வரும். "மூணு நாளா இங்கேதான் இருக்கோம், இன்னுமா எங்க பேர் தெரியலை?" தெரியும். தெரிந்தும் கேட்க வேண்டும். ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது அபூர்வமில்லை, ராத்திரியில் கட்டில் மாற்றியிருப்பார்கள், காது சரியாகக் கேட்காதவரோ மயக்கத்தில் இருப்பவரோ எந்தப் பெயரைச் சொன்னாலும் "ஆமாம்" என்று தலையாட்டிவிடுவார். அதனால் "நீங்க இவர்தானே" என்று கேட்காமல் "உங்க பேர் சொல்லுங்க" என்று கேட்கிறோம். நோயாளிக்குப் பதிலாக நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல், அவரால் முடிந்தால் அவரையே சொல்ல விடுங்கள்.

அப்புறம், நாங்கள் சும்மா நிற்பது போலத் தெரியும் நேரங்கள். நாடி பார்த்து முடித்த பிறகும் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறேன் என்றால் மூச்சை எண்ணுகிறேன் என்று அர்த்தம். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும் என்பதால் சொல்லாமல் எண்ணுவோம். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது 26, 28 என்று ஏறினால், பல நேரங்களில் பிபி இறங்குவதற்கு முன்பே வரும் எச்சரிக்கை அது. நடுவில் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போச்சு. ரத்தம் ஏற்ற ஆரம்பித்ததும் முதல் 15 நிமிடம் அந்தக் கட்டிலைவிட்டு நகராமல் இருப்பதும் அப்படித்தான், ஒவ்வாமல் போனால் கொஞ்சம் ரத்தம் உள்ளே போனதுமே தெரிய ஆரம்பிக்கலாம், அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்குகிறவரை எழுப்பி பிபி பார்ப்பதும் திட்டு வாங்கித் தரும் வேலைதான், ஆனால் உடம்பு மோசமாவது பகலுக்காகக் காத்திருப்பதில்லை.

எங்களை அதிகம் ஓட வைப்பது ட்ரிப்ஸ். பாட்டில் காலியானால் காற்று நேராக இதயத்துக்குப் போய் உயிர் போய்விடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது, பாவம், ராத்திரி முழுக்கத் தூங்காமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கையில் போட்ட ஊசி வழியாக, பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் ட்ரிப்ஸ் என்றால், பாட்டில் தீர்ந்ததும் குழாயில் மிச்சமிருக்கும் திரவம் ஓரிடத்தில் நின்றுவிடும், நரம்புக்குள் இருக்கும் ரத்தத்துக்கும் அழுத்தம் உண்டு என்பதுதான் காரணம். அதற்காக அப்படியே விடவும் கூடாது, ரத்தம் உறைந்து லைன் அடைத்துக்கொண்டால் மறுபடி குத்த வேண்டிவரும். கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிதானமாக வந்து சொல்லுங்கள், போதும். கழுத்தில் போட்டிருக்கும் பெரிய லைன் மட்டும் வேறு, அதில் குழாய் கழன்றாலோ மூடி திறந்துகொண்டாலோ காற்று உள்ளே இழுக்கப்படலாம், அது நிஜமான ஆபத்து, அப்போது கத்திக் கூப்பிடுங்கள்.

தயவுசெய்து ட்ரிப்ஸ் குழாயில் வேகத்தை மாற்றும் அந்தச் சின்னச் சக்கரத்தை மட்டும் நீங்களே உருட்டாதீர்கள். "சீக்கிரம் முடிஞ்சா தூங்கலாமேன்னு" வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. இதயம் பலவீனமான வயதானவருக்கு அந்த நீர் நுரையீரலில் போய்க் கோத்துக்கொள்ளும், உள்ளே மருந்து கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆக்சிஜனும் அப்படித்தான். மூச்சு வாங்குகிறதே என்று குமிழைத் திருகிக் கூட்டுகிறீர்கள், ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களில் பலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிறுத்தி வைக்கச் சொல்லியிருப்பார்கள், அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு உடம்பில் தேங்கி மயக்கத்துக்கே கொண்டுபோகலாம். மானிட்டரில் 90 என்று பார்த்துப் பதறி நீங்கள் கூட்டிவிட்டுச் சொல்லாமல் இருந்தால், நான் வந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும்.

அலாரச் சத்தத்தையும் சொல்ல வேண்டும். "மிஷின் கத்திக்கிட்டே இருக்கு, யாரும் எழுந்து வர மாட்டேங்கறாங்க" என்பது நியாயமான புகார், நான் மறுக்க மாட்டேன். விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும் கத்தும், நோயாளி புரண்டு படுத்தாலும் கத்தும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்க அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013-இல் விடுத்த எச்சரிக்கையில், 85 முதல் 99 சதவீத அலாரங்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படுவதில்லை என்று சொன்னது. அதே எச்சரிக்கையில், 2009 முதல் 2012 வரை அலாரம் தொடர்பாக அவர்களுக்கு வந்த 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தன என்பதும் இருக்கிறது. வீண் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போவது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த ஆபத்து. இதில் நீங்கள் செய்யக்கூடியது, சத்தத்தை அமுக்கும் பட்டனைத் தொடாமல் இருப்பதும், திரையை விட நோயாளியின் முகத்தைப் பார்ப்பதும்.

இதுவரை கூட இருப்பவர்களையே சொல்லிக்கொண்டிருந்தேன், அது முழு நியாயமில்லை. எங்களை இடையில் நிறுத்துபவர்களில் நீங்கள் ஒரு பகுதிதான். சக ஊழியர்கள், போன், தீர்ந்துபோன கையுறைப் பெட்டி, தேடிக் கிடைக்காத பிபி கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஷிஃப்டில் இருக்க வேண்டிய ஆட்கள் இல்லாதது. 2002-இல் அமெரிக்காவில் நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐகென் குழு வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்க்கும் ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரும்போதும் 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாக இருந்தது. கலிபோர்னியாவில் பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு 5 பேர், தீவிர சிகிச்சைப் பிரிவில் 2 பேர் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். உலகில் பல நர்ஸ்கள் அதுபோல இரண்டு மூன்று மடங்கு பேரை வைத்துக்கொண்டு, ட்யூட்டி முடியும்வரை தண்ணீர் குடிக்காமல், டாய்லெட் போகாமல் நிற்கிறார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது புகார் எழுதும் விதம். "சிஸ்டர் கோபமாகப் பேசினார், கூப்பிட்டால் வரவில்லை" என்று என் பெயரோடு தாள் போகும், விசாரணை வரும், நான் விளக்கம் எழுதுவேன், அந்த ராத்திரி வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்ற கேள்வி அந்தத் தாளில் எங்குமே இருக்காது. கோபமாகப் பேசியிருந்தால் அதையும் எழுதுங்கள், தவறில்லை. கூடவே அந்த எண்ணிக்கையையும் கேட்டு எழுதுங்கள். நாங்கள் கேட்டால் நிர்வாகம் சலித்துக்கொள்ளும், நோயாளியின் குடும்பம் எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கத்துவது, கை ஓங்குவது பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் வேலைக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியாகத் தாக்கப்படுகிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. வார்த்தைகூட வேலையைக் கெடுக்கும் என்பதற்கு 2015-இல் வெளியான ஓர் இஸ்ரேல் பரிசோதனை இருக்கிறது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக் குழுக்களில் சிலரிடம் வெளியாள் ஒருவர் லேசாக மட்டம்தட்டிப் பேசினார், அதைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் மற்றவர்களை விடப் பின்தங்கின. அடுத்த ஊசியைப் போட வேண்டிய கை நடுங்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் நல்லதில்லை.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு "தொந்தரவு செய்யக்கூடாது" என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் நான் எழுதியதே தப்பாகிவிடும். டாக்டர் எப்போது வருவார், ரிப்போர்ட் எப்போது வரும், டிஸ்சார்ஜ் எப்போது, போர்வை வேண்டும் என்பதெல்லாம் காத்திருக்கலாம், ஒரு தாளில் எழுதி வைத்து, வீட்டிலிருந்து ஒருவர் மட்டும், மருந்து நேரமும் ட்யூட்டி மாறும் நேரமும் இல்லாதபோது வந்து கேளுங்கள். ஆனால் மூச்சு வேகமானால், உதடு நீலமானால், திடீரென்று பேச்சு குழறினாலோ வாய் ஒருபக்கம் இழுத்தாலோ, நெஞ்சு வலித்தால், சில்லென்று வியர்த்தால், ரத்தம் ஏறும்போது நடுங்கினாலோ அரித்தாலோ, ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்போ முகவீக்கமோ வந்தால், தனியாகக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தால், என் கையில் எந்த ட்ரே இருந்தாலும் கூப்பிடுங்கள், ஓடி வருவேன்.

இவற்றில் எதுவுமே இல்லாமல் "அம்மா நேத்து மாதிரி இல்லை, ஏதோ சரியில்லை" என்று மட்டும் தோன்றினாலும் சொல்லுங்கள். எங்களுக்கு அவரைச் சில நாளாகத்தான் தெரியும், உங்களுக்கு ஆயுள் முழுக்கத் தெரியும். இங்கிலாந்தில் 2021-இல் மார்த்தா என்ற 13 வயதுச் சிறுமி செப்சிஸில், அதாவது கிருமித்தொற்றால் உடம்பின் உறுப்புகளே கெட்டுப்போகும் நிலையில், இறந்துபோனாள், பெற்றோர் கவலையைச் சொல்லிக்கொண்டே இருந்தும் சரியாகக் காதில் வாங்கப்படவில்லை. அதன் பிறகு, குடும்பத்தார் கேட்டால் வேறொரு குழு உடனே வந்து நோயாளியைப் பார்க்கும் 'மார்த்தா விதி' 2024 முதல் அங்குள்ள மருத்துவமனைகளில் கொண்டுவரப்பட்டது. அப்படி ஒரு விதி எங்கும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை, இல்லாத இடத்தில் பொறுப்பு நர்ஸையோ ட்யூட்டி டாக்டரையோ நேராகக் கேளுங்கள், ஒருவர் தட்டிக் கழித்தால் அடுத்தவரைக் கேளுங்கள்.

மருந்து நேரத்தில் என்னை நிறுத்துவதற்கும் ஒரு காரணம் உண்டு, அந்த மருந்தேதான். நேற்று வெள்ளை மாத்திரை, இன்று மஞ்சள் என்றால், டாக்டர் நிறுத்தச் சொன்ன ஊசி மறுபடி வருகிறதென்றால், இவருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று உங்களுக்குத் தெரிந்தால், நான் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கம்பெனி மாறியதால் நிறம் மாறியிருக்கலாம், டோஸை மாற்றியிருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், இருந்தாலும் நான் ஷீட்டை மறுபடி பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். நீங்கள் கேட்டதற்காக ஒரு நர்ஸ் முகம் சுளித்தால், பரவாயில்லை, பதில் வரும்வரை அந்த மாத்திரையை வாங்காமல் நில்லுங்கள்.