இலங்கையுடன் வணிகம், முதலீடு, பயணம்: இராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவருக்கு இன்று எவை கிடைக்கும்?

தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமே கொண்டது. ஆனாலும் இந்திய, இலங்கை அரசுகள் வணிகத்தையும் முதலீட்டையும் சுற்றுலாவையும் வளர்ப்பதற்காகச் செய்துகொண்டுள்ள உடன்பாடுகளின் பயனைப் பெற விரும்பும் கீழக்கரை வணிகரும், முதுகுளத்தூர் மிளகாய் விவசாயியும், இராமேசுவரத்து விடுதி உரிமையாளரும் தூத்துக்குடி, நாகப்பட்டினம், மதுரை, சென்னை ஆகிய ஊர்களின் வழியாகத்தான் இலங்கையை அடைய முடிகிறது. இரு அரசுகளும் வெளியிடும் கூட்டறிக்கைகளில் நடைமுறைக்கு வந்துவிட்ட உரிமைகளும் இனிமேல் செய்யப் போவதாகச் சொல்லப்படும் எண்ணங்களும் அருகருகே இடம்பெறுவதால், எதை நம்பிப் பணம் போடலாம், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது இக்கரையில் பலருக்கும் தெளிவாக இல்லை. அந்த வேறுபாட்டைக் காட்டுவதே இவ்விளக்கத்தின் நோக்கம்.

முழுமையாக நடைமுறையில் இருப்பது சுதந்திர வணிக உடன்பாடு. 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் செயல்பட்டுவரும் இந்த உடன்பாட்டின்படி, படிப்படியான வரிக்குறைப்பை இந்தியா 2003-லும் இலங்கை 2008-லும் முடித்தன. எல்லாப் பொருள்களுக்கும் வரி நீங்கிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு நாடும் சலுகை தரமறுக்கும் பொருள்களை ஒரு விலக்குப் பட்டியலில் வைத்துள்ளது; தொடக்கத்தில் இந்தியாவின் பட்டியலில் 429 பொருள்களும் இலங்கையின் பட்டியலில் 1,180 பொருள்களும் இருந்தன. ஆகவே ஏற்றுமதி செய்ய நினைப்பவர் தம் பொருளின் சுங்க வகைப்பாட்டு எண்ணைத் தெரிந்துகொண்டு, அது எந்தப் பட்டியலில் உள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். விலை பேசி முடித்த பிறகு இதைப் பார்ப்பதால் இழப்பு அடைபவர்கள் உண்டு.

பொருள் சலுகைப் பட்டியலில் இருந்தாலும், அது இந்தியாவில் விளைந்தது அல்லது செய்யப்பட்டது என்று நிறுவினால்தான் சலுகை கிடைக்கும். இந்த மண்ணில் முழுவதும் விளைந்த மிளகாயையோ பனைப் பொருளையோ பொறுத்தவரை இது எளிது. வெளிநாட்டு மூலப்பொருளைச் சேர்த்துச் செய்யும் பொருளாயின், ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 விழுக்காடு உள்நாட்டில் கூடிய மதிப்பாக இருக்க வேண்டும். சேர்த்த மூலப்பொருளும் முடிந்த பொருளும் நான்கிலக்கச் சுங்க வகைப்பாட்டில் வேறுவேறு தலைப்புகளில் அமைய வேண்டும். மூலப்பொருளில் ஒரு பகுதி மற்றைய உடன்பாட்டு நாட்டிலிருந்தே வந்திருந்தால், அதையும் சேர்த்து 35 விழுக்காடு எட்டினால் போதும். அப்போது ஏற்றுமதி செய்யும் நாட்டின் பங்கு 25 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இவற்றுக்கான தோற்றச் சான்றிதழை இந்தியாவில் ஏற்றுமதி ஆய்வுக் கழகத்தின் முகமைகளும், இலங்கையில் அந்நாட்டு வர்த்தகத் திணைக்களமும் வழங்குகின்றன. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு, வேறெந்த நாட்டுச் சரக்கையும் போல முழு வரி கட்டித்தான் வெளியே வரும்.

சான்றிதழுக்கு முன்பே வேண்டியவை சில உண்டு. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் வழங்கும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணை இணையவழியில் 500 ரூபாய் கட்டணத்தில் பெறலாம். அந்த எண் நிறுவனத்தின் பான் எண்ணாகவே இருக்கும். அதை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும். மிளகாய் அனுப்புவோர் நறுமணப் பொருள் வாரியத்திலும், மீன், இறால், கருவாடு அனுப்புவோர் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்திலும் பதிவுசெய்திருக்க வேண்டும். ஒரு குடும்பம் தனியாக இவ்வளவையும் செய்வது கடினம் என்பதால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரிலோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலோ ஒரே எண்ணைப் பெற்றுப் பலரும் அதன்வழி அனுப்புவதே இக்கரைக்குப் பொருத்தமான வழி என்பது என் கருத்து.

நம் மாவட்டத்தின் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலங்கையோ காய்ந்த மிளகாயைப் பெருமளவில் இந்தியாவிலிருந்தே வாங்குகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பெருங்கணக்குப் போடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. காய்ந்த மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, கருவாடு போன்ற அன்றாட உணவுப் பொருள்களுக்கு இலங்கை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி விசேட பண்ட வரி என்ற தனி வரியை விதித்து வந்திருக்கிறது. அது வழக்கமான சுங்க வரி அன்று. அங்குள்ள அறுவடைக் காலத்தையும் சந்தை விலையையும் பார்த்து அரசு அதை ஏற்றும், இறக்கும். ஆகையால் இப்பொருள்களில் இலாபத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் சரக்கு இறங்கும் நாளில் அந்த வரி எவ்வளவு என்பதே. வாங்குபவர் அந்த வரியைத் தாம் ஏற்பதாக ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்வது தற்காப்பாகும்.

எதிர்த்திசையில், இலங்கைப் பொருள்களை இறக்குமதி செய்வோருக்கும் அளவுகள் உண்டு. இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரையிலும் தேயிலை 1.5 கோடி கிலோ வரையிலும் சலுகையில் வரலாம். ஆனால் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மதிப்பில் மிளகு இறக்குமதி செய்வதை உள்நாட்டு விவசாயிகளைக் காப்பதற்காக இந்தியா தடுத்துள்ளது. மேலும் 2020 செப்டம்பர் முதல், சலுகை கோரும் இறக்குமதியாளரே பொருளின் தோற்றம் பற்றிய விவரங்களைத் திரட்டி ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அனுப்பியவர் சான்றிதழ் கொடுத்துவிட்டார் என்று சொல்வது மட்டும் போதாது.

கடல் அட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் அது சட்டப்படி பண்ணைகளில் வளர்க்கப்பட்டு ஏற்றுமதியாகிறது. இங்கே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். கடற்குதிரைக்கும் பவளத்துக்கும் இதே நிலைதான். எந்த வணிக உடன்பாடும் இந்தத் தடையைத் தளர்த்தவில்லை. அக்கரையில் நடப்பதைக் காட்டி இங்கும் அனுமதி வந்துவிட்டதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரை நம்பக் கூடாது.

பணம் பெறுவதில் நிலைமை முன்பைவிட நன்றாக உள்ளது. இந்திய ரூபாயிலேயே பன்னாட்டு வணிகக் கணக்கை முடிக்க 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி வழிசெய்தது. இலங்கை மத்திய வங்கியும் இந்திய ரூபாயை ஏற்கத்தக்க வெளிநாட்டு நாணயமாக அறிவித்துள்ளது. டாலர் தட்டுப்பாட்டால் இலங்கை வணிகர்கள் பணம் அனுப்ப இயலாமல் தவித்த 2022-க்குப் பிறகு இது சிறு ஏற்றுமதியாளருக்கு உண்மையான உதவி. பயணிகளைப் பொறுத்தவரை, 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கைக் கடைகளில் இந்திய யு.பி.ஐ. செயலி மூலம் பணம் செலுத்தலாம். புறப்படுமுன் செயலியில் பன்னாட்டுப் பயன்பாட்டை இயக்கிவைக்க வேண்டும். கையில் 25,000 இந்திய ரூபாய் வரை கொண்டுசெல்லவும் விதி இடம் தருகிறது.

முதலீட்டில் இரு கேள்விகளே அடிக்கடி எழுகின்றன. இலங்கையர் ஒருவர் இங்கு விடுதியிலோ மீன் பதப்படுத்தும் ஆலையிலோ பங்கு வாங்கலாமா என்றால், வாங்கலாம். நிலவழி எல்லை கொண்ட நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்ற 2020-ஆம் ஆண்டு விதி, கடலால் பிரிந்த இலங்கைக்குப் பொருந்தாது. நம்மவர் அங்கே நிலம் வாங்கலாமா என்றால், 2014-ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம் வெளிநாட்டவருக்கு நில உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. நீண்டகாலக் குத்தகையே வழி. சேவைகளையும் முதலீட்டையும் உள்ளடக்கிய விரிவான பொருளாதார, தொழில்நுட்ப உடன்பாட்டுக்கான பேச்சு 2016-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் மீண்டும் தொடங்கியது. அது எண்ணத்தின் பக்கத்தில் வைக்க வேண்டியது.

பயணத்துக்கு வருவோம். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கப்பட்டுச் சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலுடன் மீண்டும் ஓடத் தொடங்கியது. தொண்டி, மீமிசல் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றால் இம்மாவட்டத்தாருக்கு அதுவே அருகிலுள்ள கடல்வழி. கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல் நிறுத்தப்படுவதால், அந்நாள்களில் திருமணம், காரியம் போன்றவற்றுக்குச் செல்வோர் விமானத்தை நம்புவதே நல்லது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மதுரையிலிருந்து கொழும்புக்கும் விமானங்கள் உள்ளன.

கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயம் என்ற பொதுவிதிக்குக் கச்சத்தீவு விலக்கு. 1974 உடன்பாட்டின் ஐந்தாம் பிரிவின்படி, இந்திய மீனவரும் யாத்திரிகரும் அத்தீவுக்குச் செல்ல இலங்கையிடம் பயண ஆவணமோ விசாவோ பெறத் தேவையில்லை. புனித அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகுகள் செல்வது இந்த உரிமையால்தான். விசா வேண்டாம் என்றாலும், அடையாள ஆவணங்களுடன் முன்கூட்டியே பெயர் பதிந்திருக்க வேண்டும். இந்தப் பிரிவு அக்கரைக் கடலில் மீன்பிடிக்கும் உரிமையைத் தருவதாக இலங்கை ஏற்பதில்லை; அதை நம்பி எல்லை தாண்டுபவரை எந்தச் சுற்றுலா உடன்பாடும் காப்பாற்றாது.

இனி இக்கரை மக்கள் மிகவும் எதிர்பார்க்கும் இராமேசுவரம்-தலைமன்னார்க் கப்பல். 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடியிலிருந்தும், பின்னர் 1980-களில் போர் மூளும்வரை இராமேசுவரத்திலிருந்தும் ஓடிய இந்த வழியை மீண்டும் திறப்பதாக இரு அரசுகளும் வெளியிட்ட 2023 ஜூலைத் தொலைநோக்கு ஆவணமும், 2024 டிசம்பர் கூட்டறிக்கையும் கூறுகின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதால் இராமேசுவரம் வரையிலான இரயில் இணைப்பு உறுதிப்பட்டுள்ளது. ஆயினும் கப்பல் வருவதற்கு இரு கரைகளிலும் தகுந்த படகுத்துறை அமைய வேண்டும். இராமேசுவரத்தில் குடியேற்றச் சோதனைக்கும் சுங்கச் சோதனைக்கும் அரசிதழில் அறிவிக்கை வெளியாக வேண்டும். கப்பலை இயக்கும் நிறுவனம் தேர்வாக வேண்டும். இவை நடக்கும்வரை கூட்டறிக்கையை மட்டும் காட்டி விடுதிக்கோ கடைக்கோ கூடுதல் வாடகை கேட்பவருக்கு இணங்க வேண்டியதில்லை. அவ்வறிக்கையை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கவும் வேண்டாம். அரசிதழ் அறிவிக்கை வெளியாகிவிட்டதா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் தமிழ்நாடு கடல்சார் வாரியத்திலும் எழுத்துமூலம் கேட்டறியலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.