தி ஸ்மித்ஸ்: நாலு பேர் வாசித்தார்கள், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்

இசைக்குழுக்களுக்கு ஒப்பந்தம் எழுதுபவர்களும் கணக்குப் பார்ப்பவர்களும் அடிக்கடி எடுத்துக்காட்டும் வழக்கு ஒன்று உண்டு: ஜாய்ஸ் எதிர் மோரிஸி. தி ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு கலைந்து பதினோரு வருடம் கழித்து, 1998 நவம்பரில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அது முடிந்தது. அந்தக் குழு எவ்வளவு வேகமாக மேலே போனது என்று தெரிந்தால்தான் தீர்ப்பு ஏன் அப்படி வந்தது என்று விளங்கும்.

1982 கோடையில் மான்செஸ்டரை ஒட்டிய ஸ்ட்ரெட்ஃபோர்டில், 18 வயது கிட்டார் கலைஞர் ஜானி மார், 23 வயது பாடகர் மோரிஸியின் வீட்டுக் கதவைத் தட்டினார். மெட்டு மாருடையது, வரிகள் மோரிஸியுடையவை. இந்தப் பங்கீடு கடைசி வரை மாறவில்லை. டிரம்ஸுக்கு மைக் ஜாய்ஸ் வந்தார். அக்டோபர் 4 அன்று ரிட்ஸ் அரங்கில் முதல் நிகழ்ச்சி நடந்தபோது பேஸ் கிட்டார் வாசித்தவர் டேல் ஹிபர்ட். சீக்கிரமே அவர் போய், மாரின் பள்ளித் தோழர் ஆண்டி ரூர்க் வந்து சேர்ந்தார். துணி வியாபாரி ஜோ மாஸ் மேலாளராக இருந்து, தன் கட்டிடத்திலேயே ஒத்திகைக்கு இடம் கொடுத்தார்.

1983 மே மாதம் லண்டனின் ரஃப் டிரேட் லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில், முதல் சிங்கிள் வெளியானது. அதே மாதம் பிபிசி ரேடியோ 1-ல் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக நாலு பாட்டு பதிவு செய்தார்கள். பெரிய கம்பெனிகளின் விளம்பரப் பணம் இல்லாத குழுக்களுக்கு அன்றைக்கு இதுதான் நாடு முழுக்கப் போய்ச் சேரும் வழி. சுயேச்சை இசைத்தட்டுக் கடைகள் சேர்ந்து நடத்திய விநியோக வலையமைப்பு தட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோனது. நவம்பரில் டாப் ஆஃப் த பாப்ஸ் தொலைக்காட்சி மேடை கிடைத்தது. 1984 பிப்ரவரியில் முதல் ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்தது. 1985 பிப்ரவரியில் இரண்டாவது ஆல்பம் முதலிடம். ரிட்ஸ் மேடையிலிருந்து முதலிடத்துக்கு 28 மாதங்கள்தான்.

இந்த ஓட்டத்தில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின. ஜோ மாஸ் 1983 முடிவதற்குள் விலகிவிட்டார். பிறகு எந்த மேலாளரும் நிலைக்கவில்லை. ரஃப் டிரேட் ஒப்பந்தத்தில் மோரிஸியும் மாரும் மட்டுமே கையெழுத்திட்டார்கள். ஜாய்ஸுக்கும் ரூர்க்குக்கும் எவ்வளவு என்று ஒரு தாளிலும் எழுதப்படவில்லை. நடைமுறையில் பணம் 40, 40, 10, 10 என்று பிரிந்தது.

1987-ல் மார் வெளியேற, குழு முடிந்தது. ரூர்க், ஜாய்ஸ் இருவரும் சம பங்கு கேட்டார்கள். பணமுடையில் இருந்த ரூர்க் 1989-ல் 83,000 பவுண்டும் இனி வரும் ராயல்டியில் 10 சதவீதமும் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். ஜாய்ஸ் விடவில்லை. 1996 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவருக்கு 25 சதவீதம் உண்டு என்றது. மோரிஸி மட்டும் மேல்முறையீட்டுக்குப் போய் அங்கேயும் தோற்றார். ஜாய்ஸுக்குக் கிடைத்த நிலுவை சுமார் 10 லட்சம் பவுண்டு.

தீர்ப்பின் அடிப்படை மிகப் பழையது: 1890-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 24. சிலர் சேர்ந்து லாப நோக்கத்தில் ஒரு தொழிலை நடத்தினால், வேறு உடன்பாடு இல்லாதவரை லாபம் எல்லோருக்கும் சமம். பதிவு செய்திருக்க வேண்டும், பத்திரம் எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நாலு பேர் ஒரே பெயரில் மேடையேறி, லாபத்தைப் பகிர்ந்துகொண்டால், பொதுவாக அது கூட்டாண்மைதான். கூலிக்கு வாசிக்க வந்தவர்களாக அந்த இருவரையும் பார்க்க முடியாது என்று ஜாய்ஸ் தரப்பு வழக்கறிஞர் வாதிட்டபோதுதான், புல்வெட்டும் இயந்திரத்தின் உதிரிபாகம்போல அவர்களை மாற்றிவிட முடியுமா என்ற அந்தப் பிரபலமான ஒப்புமை வந்தது.

மேல்முறையீட்டில் பெரிதாக நின்றது கணக்கு அறிக்கை. குழுவின் கணக்காளர் தயாரித்த அறிக்கையில் 10 சதவீதம் என்றே இருந்தது. ஜாய்ஸ் எதிர்ப்புச் சொல்லவில்லை. அதனால் சம்மதித்தார் என்பது மோரிஸி தரப்பு. நீதிமன்றம் ஏற்கவில்லை. விளக்கம் எதுவும் சொல்லாமல் அனுப்பிய கணக்கைப் பார்த்து ஒருவர் சும்மா இருந்தார் என்பதற்காக, தன் பங்கை விட்டுக்கொடுத்தார் என்று ஆகிவிடாது. கணக்குப் பார்ப்பவர்கள் இந்த ஒரு புள்ளியை நன்றாக மனதில் வைக்க வேண்டும். சமமில்லாத பங்கு என்றால் தாளில் சதவீதத்தை அச்சடித்தால் போதாது. அதன் கீழே ஒவ்வொருவரின் கையெழுத்தும் தேதியும் வேண்டும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்வது ஒன்று. ஜாய்ஸ் வென்றது ஒலிப்பதிவு, மேடை நிகழ்ச்சி வருமானத்தில்தான். பாடல் இயற்றியதற்கான ராயல்டி மோரிஸி, மார் இருவருக்கே போனது. அதில் அவர் கைவைக்கவே இல்லை. அந்தப் பக்கம் கைவைத்தவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு ஸ்பாண்டாவ் பாலே என்ற பிரிட்டிஷ் குழுவின் வழக்கைப் பார்க்கலாம். பாடகர், டிரம்மர், சாக்ஸபோன் கலைஞர் மூவரும் குழுவின் பாட்டுகளை இயற்றிய கேரி கெம்பிடம் இயற்றுநர் ராயல்டியில் பங்கு கேட்டு 1999-ல் தோற்றார்கள். நன்றாக வாசித்தது வாசிப்புதான், இயற்றல் ஆகாது என்றது தீர்ப்பு. அதற்கு எதிர்ப்பக்கம், ப்ரோகல் ஹாரம் குழுவின் ஆர்கன் கலைஞர் மேத்யூ ஃபிஷர். 1967-ல் வந்த பாட்டின் ஆர்கன் மெட்டு தன்னுடையது என்று 2005-ல் வழக்குப் போட்டு 40 சதவீதம் பெற்றார். 2009-ல், அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை உறுதி செய்தது. ஆனால் 38 வருடம் சும்மா இருந்த காலத்துக்கு ஒரு பைசாவும் கிடையாது.

ஆகவே பாட்டு முடிந்த அன்றைக்கே, ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன், ஒரு பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது: பாட்டின் பெயர், தேதி, வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, தலைக்கு எத்தனை சதவீதம், கூட்டினால் 100 வருகிறதா, எல்லோருடைய கையெழுத்து. கடைசிக்கு முந்தையதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். 110 வரும் தாள்களும் உண்டு. கோல்ட்ப்ளே குழு மாதிரி எல்லாவற்றையும் நாலாகப் பிரிப்பதும் ஒரு வழி. அது தாராளம் மட்டுமல்ல, கணக்கு வேலையையும் குறைக்கும்.

குழு ஒப்பந்தத்தில் வருமானங்களைத் தனித்தனியாக எழுத வேண்டும். லேபிளிலிருந்து வருவது, மேடை, டி-ஷர்ட் விற்பனை ஆகிய மூன்றும் குழுவுடையது. எந்தச் செலவைக் கழித்த பிறகு பிரிப்பது என்பதும் கூடவே வேண்டும். பிரிட்டனில் நாலாவதும் உண்டு. வானொலியிலும் பொது இடங்களிலும் ஒலிக்கும் பதிவுக்கு பிபிஎல் என்ற உரிமக் கட்டண அமைப்பு வசூலிக்கும் தொகையில் பாதி, வாசித்தவர்களுக்கு நேராகப் போகும். ஆனால் அந்தப் பதிவில் தான் வாசித்ததாக ஒவ்வொருவரும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். லேபிள் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால் டிரம்மரின் பங்கு வராது. கடனையும் மறக்கக் கூடாது. கூட்டாண்மையில் வேன் வாடகை பாக்கிக்குக்கூட எல்லோரும் பொறுப்பு.

இந்தியாவிலும் இதே கதைதான். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தின் வழியில் வந்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் லாபமும் சமம், நஷ்டமும் சமம் என்கிறது பிரிவு 13. சென்னையில் நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய பேண்டுக்கும் இது அப்படியே பொருந்தும்.

பிறகு பெயர். ஒருவர் விலகினால் மீதிப்பேர் அதே பெயரில் தொடரலாமா, விலகியவர் பழைய பதிவுகளில் பங்கு வாங்குவாரா, பெயரின் வணிகச்சின்னம் யார் பேரில் என்பவற்றைக் குழு சுமுகமாக இருக்கும்போதே எழுத வேண்டும். வணிகச்சின்னப் பதிவில் ஒலிப்பதிவுக்கு வகுப்பு 9, உடைக்கு 25, நிகழ்ச்சிக்கு 41 என்று மூன்றிலும் விண்ணப்பிப்பது வழக்கம். ஸ்மித்ஸ் இதையும் செய்யவில்லை. 2018-ல் வெளியாள் ஒருவர் அந்தப் பெயரைப் பயன்படுத்த முயன்றபோதுதான் சின்னம் குழுவிடம் இல்லை என்பது தெரிந்தது, மோரிஸியிடமிருந்து பதில் வராததால் தானே பதிவு செய்தேன் என்று மார் தரப்பு 2024-ல் அறிக்கை விட்டது. அந்த ஜனவரியிலேயே மோரிஸிக்கும் கூட்டு உரிமை தரும் பத்திரத்தில் மார் கையெழுத்திட்டுவிட்டார், மோரிஸியின் கையெழுத்துதான் பாக்கி என்றும் அதில் சொல்லியிருந்தார்கள்.