மிளகளவு மணிக்குச் சூடு எப்படித் தெரிகிறது?

தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் மகன் வீட்டுத் தொட்டியில் சின்னஞ்சிறு சிவப்பு இறால்கள் வளர்க்கிறானாம். வீவக அடுக்குமாடி வீட்டில் மத்தியான நேரம் தொட்டித் தண்ணீர் 29, 30 டிகிரிக்குப் போய்விடுகிறது. இந்த இறால்களுக்குக் குளிர்ந்த நீர்தான் பிடிக்கும் என்பதால், ஒரு சிறு விசிறியும் தண்ணீருக்குள் வயர் விடும் ஒரு கருவியும் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். தண்ணீர் சூடேறினால் விசிறி ஓடுகிறது, ஆறினால் நிற்கிறது. "வயர் நுனியில் மிளகளவு ஒரு கறுப்பு மணியைத் தவிர ஒன்றும் இல்லை. அதற்கு எப்படிச் சூடு தெரிகிறது? இதை என் மகன் தானே செய்ய முடியுமா?" என்பது அவர் கேள்வி.

செய்யலாம். விசிறி வேலை செய்யும் விதம் பள்ளியில் படித்ததுதான்: காற்று பட்டால் நீர் ஆவியாகும், போகிறபோது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். சுவாரசியம் எல்லாம் அந்தக் கறுப்பு மணியில் இருக்கிறது.

அதன் பெயர் தெர்மிஸ்டர். வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை வெகுவாக மாறும் ஒரு பொருள். செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கொஞ்சம் கூடும். இந்த மணியில் நேர்மாறு: சூடாக்கினால் மின்தடை குறையும், அதுவும் மளமளவென்று. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் வகை. அதுவே 50 டிகிரியில் ஏறத்தாழ 3,600 ஓம்தான். துல்லியத்துக்குப் பெயர்போன பிளாட்டினம் உணரிகூட டிகிரிக்கு 0.4 விழுக்காடு அளவுக்குத்தான் மாறும். நம் மணி அறை வெப்பநிலையில் டிகிரிக்கு 4.4 விழுக்காடு மாறுகிறது. பத்து மடங்குக்கும் மேல்.

ஏன் இப்படி? இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

அந்த மணி உலோகம் இல்லை. மாங்கனீசு, நிக்கல் போன்றவற்றின் ஆக்சைடுத் தூளை அழுத்திச் சுட்டெடுத்த ஒருவகைப் பீங்கான். செம்பில் எலக்ட்ரான்கள் சொந்த வீடு இல்லாமல் உலோகம் முழுக்க அலைகின்றன. இங்கே ஒவ்வொரு எலக்ட்ரானும் ஏதாவது ஒரு மாங்கனீசு அயனியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று எலக்ட்ரான்களை இழந்த மாங்கனீசும் இருக்கிறது, நான்கை இழந்ததும் இருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். மூன்றை இழந்தது இன்னொன்றைப் பக்கத்து அயனிக்குக் கொடுத்தால் இது நான்கு ஆகும், அது மூன்று ஆகும். படிகத்தைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை, ஆனால் ஒரு எலக்ட்ரான் ஓர் இடம் நகர்ந்துவிட்டது. இந்தத் தாவல்கள் ஒரு திசையில் தொடர்ந்தால், அதுதான் மின்னோட்டம். நிக்கலைச் சேர்ப்பதும் வீணில்லை: மின்சுமைக் கணக்கைச் சரிக்கட்ட, நான்கை இழந்த மாங்கனீசுகள் கூடுதலாக உருவாக வேண்டியிருக்கிறது, அதனால் தாவ இடம் கிடைக்கிறது.

சரி, இடம்தான் இருக்கிறதே, சும்மா தாவிவிட வேண்டியதுதானே? முடியாது. எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் அதன் மின்சுமை சுற்றியுள்ள ஆக்சிஜன்களைச் சற்றே தள்ளிவைத்திருக்கிறது. பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தவர் பதித்த குழி மாதிரி. எழுந்து நகர வேண்டுமென்றால் முதலில் அந்தக் குழியிலிருந்து மேலே ஏறியாக வேண்டும். எலக்ட்ரானுக்கு அப்படி ஏறச் சொந்த பலம் கிடையாது. அணுக்கள் வெப்பத்தால் அதிர்ந்துகொண்டே இருக்கின்றனவே, அந்த அதிர்வில் தற்செயலாக இரண்டு பக்கத்துக் குழிகளும் ஒரே அளவுக்கு வரும் கணத்தில்தான் எலக்ட்ரான் அடுத்த பக்கம் போகிறது.

கணக்குப் போட்டால் இன்னும் அழகு. அணுக்கள் விநாடிக்குப் பத்து டிரில்லியன் தடவை என்ற கணக்கில் அதிர்கின்றன. ஒவ்வோர் அதிர்வும் ஒரு வாய்ப்பு. வழக்கமான தெர்மிஸ்டரில், 25 டிகிரியில், 500,000 வாய்ப்புக்கு மேல் வந்தால் ஒன்றுதான் பலிக்கும். அப்படியும் விநாடிக்கு 15 மில்லியனுக்கு மேல் தாவல்கள். இப்போது ஒரே ஒரு டிகிரி ஏற்றுங்கள். அதிர்வின் சராசரிச் சக்தி 0.3 விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் தாவலுக்குத் தேவை சராசரி அதிர்வு இல்லை, சராசரியைவிட 13 மடங்கு சக்தி உள்ள அபூர்வ அதிர்வு. சராசரி துளி கூடினாலும் அபூர்வங்கள் பெருகிவிடும்: 13 முறை 0.3, கிட்டத்தட்ட 4 விழுக்காடு. மேலே சொன்ன 4.4 இங்கிருந்துதான் வருகிறது. மல்டிமீட்டரில் எண் இறங்குவதைப் பார்க்கும்போது அணுக்களின் அதிர்ஷ்டக் கணக்கையே நாம் நேரடியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் என்பதை வெள்ளி சல்ஃபைடில் முதலில் கவனித்தவர் மைக்கேல் ஃபாரடே, 1833இல். காசாக்கக்கூடிய தெர்மிஸ்டரைச் சாமுவேல் ரூபன் உருவாக்கியது 1930இல். நடுவில் கிட்டத்தட்ட நூறு ஆண்டு. ஆய்வு முன்மொழிவுப் படிவத்தில் "எத்தனை ஆண்டில் பயன் தரும்?" என்ற கட்டத்தில் ஃபாரடே என்ன எழுதியிருப்பார்? சிங்கப்பூர் 2021 முதல் 2025 வரை ஆராய்ச்சிக்குத் தொடக்கத்தில் 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது நல்ல விஷயம்தான். இப்படி ஒதுக்குவதில் ஒரு பங்காவது இந்தக் கேள்வியைக் கேட்காமல் கொடுக்கப்பட வேண்டும் என்பது என் கட்சி.

சுற்றுக்கு வருவோம். தெர்மிஸ்டரோடு 10,000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து, 5 வோல்ட் கொடுங்கள். தெர்மிஸ்டர் தரைப் பக்கம், அதாவது 0 வோல்ட் பக்கம், இருக்கட்டும். நடுப் புள்ளியில் 25 டிகிரியில் 2.5 வோல்ட் இருக்கும். 27 டிகிரியில் 2.39, 28இல் 2.34. டிகிரிக்கு 50 மில்லிவோல்ட்டுக்குச் சற்று அதிகம். இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எல்எம்393 என்ற கம்பேரட்டர் சிப்பில் ஒரு காலுக்கு இந்த வோல்ட்டும், இன்னொரு காலுக்கு அதே 5 வோல்ட்டிலிருந்து பிரெசெட் (திருகி மாற்றக்கூடிய மின்தடை) வழியாக எடுத்த வோல்ட்டும் கொடுத்தால், எது பெரியது என்று அது சொல்லிவிடும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருவதால் 5 வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தீர்ப்பு மாறாது. சிப்பின் முடிவை ஒரு டிரான்சிஸ்டருக்குக் கொடுத்து விசிறியை ஓட்டலாம். ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போனால் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் கிடைக்கும்.

இவ்வளவோடு விட்டால் எல்லை வெப்பநிலையில் விசிறி நிமிடத்துக்குப் பத்துத் தடவை படபடக்கும். சிப்பின் வெளியீட்டிலிருந்து தெர்மிஸ்டர் இணைந்த காலுக்கே 470 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போட்டால், ஒரு முடிவு எடுத்த பிறகு சுற்று அந்த முடிவையே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஓடத் தொடங்கும் வெப்பத்துக்கும் நிற்கும் வெப்பத்துக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி இடைவெளி வந்துவிடும். அப்புறம், மின்சாரம் பாயும்போது மணி தானும் சற்றே சூடாகும். 10,000 ஓம் வகையில் இது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. 1,000 ஓம் வகையை அதே 5 வோல்ட்டில், 1,000 ஓம் மின்தடையோடு போட்டால் அசையாத காற்றில் மூன்று டிகிரிவரை பொய் சொல்லக்கூடும்.

2003இல் சார்ஸ் பரவியபோது நம் பள்ளி மாணவர்களுக்கு டிஜிட்டல் வெப்பமானி கொடுத்தார்களே, அந்த வகை வெப்பமானியின் உலோக நுனிக்குள்ளும் இருப்பது தெர்மிஸ்டர்தான். டுரியான் சாப்பிட்டால் உடம்பு சூடு, மங்குஸ்தீன் சாப்பிட்டால் தணியும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் அதை நாக்கடியில் வைத்துக்கொண்டு சொன்னால் எனக்குச் சந்தோஷம். எத்தனை டிகிரி என்று கேட்டால்தான் பேச்சு மாறிவிடுகிறது.

தம்பி கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மணிக்கு ஏதாவது ஆனால் சுற்று எந்தப் பக்கம் தவறும்? உறைக்குள் தண்ணீர் கசிந்தால் இரண்டு வயருக்கும் நடுவே மின்சாரம் ஒழுகும், மின்தடை குறைந்ததாகத் தெரியும், சுற்று சூடு என்று நினைக்கும். விசிறி நிற்காமல் ஓடும். பரவாயில்லை, தண்ணீர்தான் கொஞ்சம் வற்றும். வயர் அறுந்தால் மின்தடை எல்லையற்றது, அதாவது சுற்றின் கணக்கில் உறைபனி. விசிறி ஓடவே ஓடாது. இதே சுற்றைத் திருப்பிப் போட்டு ஹீட்டருக்கு வைத்திருந்தால், வயர் அறுந்த அன்று ஹீட்டர் அணையாமல் எரியும், இறால் வெந்துவிடும். அதனால் ஹீட்டர் வைப்பவர்கள், நடுப் புள்ளி 5 வோல்ட்டை ஒட்டிப் போனால் எல்லாவற்றையும் நிறுத்தும்படி இரண்டாவது கம்பேரட்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எல்எம்393 சிப்பில் இரண்டு கம்பேரட்டர்கள் இருக்கின்றன. இரண்டாவதற்குத் தனியாகச் செலவு இல்லை.